கேட்டவர் தூக்க வேணும்

தொண்டைமானாற்று இறங்குதுறையில் காலை மீன் ஏலம் கூறுவது ஒரு பெண். பெயர் பராசக்தி. அந்தப் பெயரை முழுதாகச் சொல்லி அழைப்பவர் ஊரில் இல்லை. பெரியவர்களுக்குப் 'பிள்ளை', மற்ற எல்லோருக்கும் 'சக்தியக்கா'. ஐம்பதைத் தொடும் வயது. கடற்காற்று எதிர்த்து அடிக்கிற நாளிலும் அவள் குரல் பாலத்தடி வரைக்கும் போகும். அங்கே நிற்கும் ஓட்டோக்காரர்கள் இருந்த இடத்திலிருந்தே இன்றைக்கு அறுக்குளா என்ன விலை என்று தெரிந்துகொள்வார்கள்.

அவள் அந்த வேலைக்கு வந்த கதை சின்னது. முன்னர் ஏலம் கூறியவர் வியாபாரிகளின் ஆள். யாருக்கு மீன் போக வேண்டும் என்பது கண் சிமிட்டலில் முடிந்துவிடும். ஒருநாள் கணவன் நடராசாவின் படகில் வந்த பாரையை அப்படி ஒரு சிமிட்டலில் விழுங்கப் பார்த்தபோது, அவள் ஒரு மீன்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதில் ஏறி நின்று தானே விலை கூறத் தொடங்கினாள். ஆண்கள் சிரித்தார்கள். அடுத்த கிழமை மற்றப் படகுக்காரரும் மீனைக் கொண்டுவந்து அவள் பெட்டிக்கு முன்னால் கொட்டினார்கள். சிரிப்பு அத்தோடு நின்றது.

"ஆர் அங்கை, மீசையை முறுக்கிறது விலை கேக்கிறதுக்கோ, இல்லாட்டி வடிவு காட்டவோ?" என்பாள். "வாயைத் திறந்து கேளுங்கோ அண்ணை, மீனுக்குக் கண்பாசை தெரியாது!"

துறையில் அவள் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று. கேட்டவர் தூக்க வேணும். சனத்துக்கு முன்னால் வாய் திறந்து விலை கேட்டவர் அந்த மீனைத் தூக்கியே ஆகவேண்டும். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு பின்வாங்கினால், கேட்டதைத் தூக்கும்வரை அங்கே அவர் வாய் திறக்கக்கூடாது. எல்லோருக்கும் பின்னால் நின்று பார்க்கலாம். பருத்தித்துறைப் பெரிய வியாபாரி ஒருவரே ஒரு மாரிகாலம் முழுக்க அப்படி நின்று பார்த்திருக்கிறார்.

இந்தச் சட்டத்தை அவளே ஒருநாள் மறந்தாள்.

அவளுக்கு ஒரே தம்பி, மயூரதன். வீட்டில் மயூரன். எண்ணெய்க் கப்பல் ஒன்றில் எஞ்சின் அறை வேலை. கப்பல் பழையது. ஒரு நாட்டின் கொடி, இன்னொரு நாட்டு முதலாளி, மூன்று நாட்டு ஆட்கள். போன மார்கழியில் சோமாலியக் கரைக்கு வெளியே அதைக் கடற்கொள்ளையர் பிடித்தார்கள். அந்தக் கடலில் கொள்ளை ஓய்ந்துவிட்டது என்று உலகம் நம்பியிருந்த காலம் முடிந்து, அது திரும்பத் தலைதூக்கிய நேரம்.

செய்தி வந்தபோது அவள் பெட்டியின்மேல் நின்றாள். மடியிலிருந்த போன் அடித்தது.

"அக்கா, நான் மயூரன். எங்களைப் பிடிச்சுப் போட்டாங்கள். கதைக்க விட்டிருக்கிறாங்கள், கனநேரம் இல்லை. கேள். நேவியை விடவேண்டாமெண்டு சொல்லு. நேவி கிட்ட வந்தா முதல்ல எங்களைத்தான் சுடுவாங்களாம். முதலாளி இவையோட கதைக்கவேணும். அவன் போன் எடுக்கிறானில்லை. அவனைக் கதைக்கச் சொல்லு."

"சாப்பிட்டியோடா?" என்றுதான் அவள் வாயில் வந்தது. பதில் வருமுன் தொடர்பு அறுந்தது.

ஊர் கூடியது. கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் கந்தப்பு, "எம்பியைக் கூப்பிடுவம்" என்றார். வேறு யாரைக் கூப்பிடுவது? குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் எம்பி, வானத்தில் மழை வராவிட்டாலும் எம்பி. அப்படித்தான் நாம் பழகியிருக்கிறோம்.

எம்பி கிருபைரட்ணம் வந்தார். யாழ்ப்பாணத்தில் மிசன் பள்ளிக்கூடத்தில் படித்த வழக்கறிஞர், எதிர்க்கட்சிக்காரர், மைக்கைக் கண்டால் குரலில் இடி ஏறும் மனிதர். சங்க மண்டபத்தில் சனம் பிதுங்கியது. மயூரதனின் மனைவி வினோஜாவை முன்வரிசையில் இருத்தியிருந்தார்கள். சந்நிதி முருகனுக்கு நேர்ந்துகொண்டு ஒரு நேரச் சோற்றோடு இருந்தவள், நாற்காலியில் சரிந்து போயிருந்தாள்.

எம்பி முதலில் அமைதியாகத்தான் தொடங்கினார். பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்: "உந்தக் கதையை விட்டிட்டு என்ன செய்யப்போறியள் எண்டு சொல்லுங்கோ!" இன்னொருவர், "நேவியை அனுப்பச் சொல்லுங்கோ!" என்றார். கைதட்டல் எழுந்தது. தட்டும் கையைக் கண்டபின் எந்த அரசியல்வாதி அமைதியாகப் பேசுவான்? அவர் குரல் ஏறியது. "கடற்படையை அனுப்பு என்று நான் முழங்குவேன்! அந்தக் கொள்ளையர் கூட்டம் நொறுக்கப்பட வேண்டும்! தைப்பொங்கலுக்கு முதல் மயூரதன் இந்தத் துறையில் நிற்பான்!"

மண்டபம் அதிர்ந்தது. வெளியே சீனவெடி கொளுத்தினார்கள். கந்தப்பு பொன்னாடை போர்த்தினார். மாலையைப் பராசக்தியின் கையில் கொடுத்தார்கள். நேவியை விடவேண்டாம் என்று தம்பி சொன்ன சொல் அவள் காதில் இருந்தது. ஆனாலும் 'நிற்பான்' என்ற அந்த ஒரு சொல் அதை அமுக்கிவிட்டது. அவள் மாலையைப் போட்டாள். பத்திரிகைக்காரர் படம் எடுத்தார்கள்.

பேச்சு அன்றைக்கே போனுக்குப் போன் தாவி உலகம் சுற்றியது. அடுத்த அழைப்பில் மயூரதனின் குரல் உடைந்திருந்தது.

"ஆரக்கா நேவி நேவி எண்டு கதைச்சது? எங்களைக் கொண்டந்து மேல் தட்டில இருத்தி வச்சிருக்கிறாங்கள், வெய்யில்ல, கையைக் கட்டி. நேவி வந்தாச் சுட வசதியா. ஆர் கதைச்சது?"

"நாங்கள்தான்டா," என்றாள் அவள்.

பொங்கல் வந்தது. சூரியனுக்குப் படைத்தார்கள். துறையில் மயூரதன் இல்லை.

அன்று மாலை அவள் கந்தப்புவின் வீட்டுக்குப் போனாள். அடுத்த கிழமை ஐஸ் அறை திறப்புவிழாவுக்கு எம்பி வருவதாக ஏற்பாடு. மாலைக்குச் சொல்லியாயிற்று.

"அண்ணை, மாலை வேண்டாம். பொன்னாடையும் வேண்டாம்."

கந்தப்பு வெற்றிலையை வாயில் வைக்காமல் நிறுத்தினார். "என்ன பிள்ளை கதைக்கிறாய்? எம்பியை வெறுங்கழுத்தோட நிப்பாட்டிறதே? பக்கத்து ஊரார் சிரிக்கமாட்டினமே?"

"கேட்டவர் தூக்கேல்லை. தூக்காதவருக்கு எங்கடை துறையில என்ன மரியாதையோ, அதுதான் இவருக்கும்."

"அது மீனுக்கடி!"

"மீனுக்கே அப்பிடியெண்டா, என்ரை தம்பிக்கு எப்பிடி அண்ணை?"

கந்தப்பு வெற்றிலையைத் திரும்பத் தட்டில் வைத்தார். மாலைக்காரனுக்குப் போன் எடுத்து வேண்டாம் என்றார். பழக்கம் விடவில்லை, "ஒரு சின்ன மாலையெண்டாலும்..." என்று இழுத்தார். அவள் திரும்பிப் பார்த்ததும் விட்டுவிட்டார்.

எம்பி வந்தது ஏலம் நடக்கும் நேரம். வாகனம் நின்றது, கதவு திறந்தது, வெள்ளை வேட்டி இறங்கியது. பராசக்தி ஏலத்தை நிறுத்தவில்லை. சூடைமீன் பெட்டி முடிந்தது, ஒட்டிமீன் பெட்டி தொடங்கியது. எம்பி கூட்டத்துக்குள் வந்து, பழக்கதோசத்தில் தலையைக் கொஞ்சம் குனிந்தார். குனிந்த தலை குனிந்தபடியே நின்றது. போடுவதற்கு யார் கையிலும் எதுவும் இல்லை. கந்தப்பு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன இது?" என்றார் எம்பி.

பராசக்தி பெட்டியிலிருந்து இறங்கினாள். "சேர், இஞ்சை ஒரு சட்டம் இருக்கு. சனத்துக்கு முன்னால கேட்டவர் தூக்கவேணும். தூக்குமட்டும் பின்னால நிக்கவேணும். பொங்கலுக்கு முதல் எண்டு கேட்டது நீங்கள்."

"அக்கா, நான் எதிர்க்கட்சி எம்பி. என்னிட்டைக் கப்பல் இருக்கோ, படை இருக்கோ? எனக்கு அதிகாரம் இல்லையெண்டது உங்களுக்குத் தெரியாதே?"

"அப்ப அண்டைக்கு அதைச் சொல்லியிருக்கலாமெல்லோ."

எம்பியின் முகம் சிவந்தது. ஆனால் அவர் சொன்ன பதில் வழக்கறிஞர் பதில் அல்ல, நிசமான பதில். "சொல்லியிருந்தா உங்கடை சனம் கை தட்டியிருக்குமோ? 'எனக்கு அதிகாரம் இல்லை, நான் அரசாங்கக் கந்தோர் கந்தோரா ஏறி இறங்கிப் பாக்கிறன்' எண்டு சொல்லிற எம்பிக்கு நீங்கள் வோட்டுப் போடுவியளோ? மேடையில நான் சும்மா கதைச்சாப் பின்னால நிண்டு கூச்சல் போடுறது ஆர்? கத்தச் சொல்லிக் கேக்கிறது நீங்கள். கத்தினா மாலை போடுறதும் நீங்கள்."

ஐஸ்கட்டி உடைத்துக்கொண்டிருந்தவனும் நிறுத்திவிட்டான். மனிதர் பொய் சொல்லவில்லை என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். அந்த மாலையைப் போட்ட கையும் அங்கேதான் நின்றது.

"ஓம் சேர்," என்றாள் பராசக்தி. "அது எங்கடை பிழை. மீன் குடுக்கமுதல் விலையைக் கையில வாங்கிறவள் நான். அண்டைக்கு ஒரு சொல்லுக்கு மாலையைத் தூக்கிக் குடுத்திட்டன். இனிக் குடுக்கமாட்டம். இனி நீங்கள் கத்தவும் வேண்டாம். ஒரு மைக்கிலயும் கப்பலைப் பற்றி வாய் திறக்காதேங்கோ. போய் இருங்கோ. கொழும்பில உரிய கந்தோரில போய் இருங்கோ. அந்த முதலாளி ஆரெண்டு பிடிச்சு அவனைக் கதைக்க வையுங்கோ. நீங்கள் படிச்ச படிப்புக்கு அது ஏலுமெல்லோ?"

எம்பி தன் வாகனத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "நீங்களும் வாறியளோ?" என்றார்.

"வாறன். ஒட்டிப் பெட்டி முடியட்டும்."

அப்படியே எல்லோருக்கும் பின்னால் போய் நின்றார் எம்பி. பெட்டி முடியும் மட்டும் நின்றார்.

கொழும்பில் நடந்தது கதை சொல்லும்படியான விசயம் அல்ல. அதுதான் அதன் பெருமை. கந்தோர் வாங்குகளில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். தேநீர் குடித்தார்கள். திரும்பவும் காத்திருந்தார்கள். கப்பல் கம்பனிக்குப் பின்னால் இன்னொரு கம்பனி, அதற்குப் பின்னால் ஒரு பூட்டிய கதவு. கிருபைரட்ணத்தின் வழக்கறிஞர் மூளை அங்கேதான் வேலை செய்தது. முதலாளி ஒளித்தால் கப்பலுக்குக் காப்புறுதி கொடுத்தவன் ஒளிக்க முடியாது என்று பிடித்து, அவனைத் துரத்தத் தொடங்கினார். மேடையில் இடித்த குரலில் அல்ல. காலையில் ஒரு போன், மாலையில் ஒரு போன். ஒரு பேட்டி இல்லை, ஒரு அறிக்கை இல்லை.

சனம் சும்மா இருக்குமா? 'மயூரதனை மறந்த எம்பி' என்று முகநூலில் வந்தது. 'ஊமை எம்பி' என்று பட்டம் வைத்தார்கள். அவர் படத்தில் வாய்க்குப் பூட்டு வரைந்து பரப்பினார்கள். அவரே போன் எடுத்துச் சொன்னார்: "அக்கா, பாத்தனீங்களே? எனக்குப் பூட்டுப் போட்டிருக்கிறாங்கள்."

"வடிவாத்தான் இருக்கு சேர். திறப்பைத் துலைச்சுப் போடுங்கோ."

சிரித்தார். ஆனால் விசயம் பகிடிக்கு அப்பாலும் போனது. ஒரு காலை துறையில் கொஞ்சப் பேர் வைக்கோலில் உருவம் செய்து, வெள்ளை வேட்டி கட்டிக் கொண்டுவந்தார்கள். எம்பியின் கொடும்பாவி. எரித்துவிட்டு யாழ்ப்பாணத்தில் அவர் கந்தோருக்கு முன்னால் போய்க் கோசம் போடுவதாகத் திட்டம். முன்னுக்கு நின்றது ஓட்டோக்கார ஜஸ்ரின். கெட்டவன் அல்ல, மயூரதனோடு ஒன்றாகப் படித்தவன்.

பராசக்தி பெட்டியில் ஏறினாள். "ஜஸ்ரின், அதைக் கொளுத்தமுதல் ஒண்டைக் கேள். அவரை வாயை மூடச் சொன்னது நான். எரிக்கிறதெண்டா உதுக்கு என்ரை சீலையைக் கட்டி எரி."

"அக்கா, உங்களை ஏமாத்திறார் அந்தாள்! ஒரு வார்த்தை கதைக்கிறாரில்லை!"

"கதைச்ச நேரம் உன்ரை சிநேகிதனை வெய்யில்ல கட்டி இருத்தினவங்கள். கதையாமல் விட்டாப்பிறகுதான் கீழ இறக்கி நிழல்ல விட்டிருக்கிறாங்கள், அவனே போனில சொன்னவன். உனக்குக் கத்தல் வேணுமோ, மயூரன் வேணுமோ? வாயைத் திறந்து சொல்லு. சொன்னாத் தூக்கவேணும், ஞாபகம் வச்சிரு."

ஜஸ்ரின் வைக்கோல் எம்பியைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான். கந்தப்பு முன்னுக்கு வந்து, "சங்கமும் சேந்துதான் வாயை மூடச் சொன்னது," என்றார். சங்கம் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவர் அதைச் சொல்லிய விதத்துக்காக அன்றிலிருந்து பராசக்திக்கு அவர்மேல் தனி மதிப்பு. ஜஸ்ரின் வேட்டியை உருவி மடித்து வைத்துவிட்டு, வைக்கோலை மாட்டுக்குப் போட்டான்.

பேச்சுவார்த்தை தொடங்கியது. அந்தக் கரையின் ஊர்ப் பெரியவர்கள் சிலர் நடுவில் நின்றார்கள். கப்பலைப் பிடித்தவர்கள் தாங்களும் மீன்பிடிகாரர்தான் என்றும், வெளிநாட்டுப் படகுகள் தங்கள் கடலை வழித்துத் துடைத்துவிட்டன என்றும் சொல்வதாக எம்பி சொன்னார். பராசக்தி யோசித்தாள். "அவையளுக்கு நான் ரெண்டு வார்த்தை சொல்லலாமோ சேர்?"

துறையில் நின்றபடியே போனில் பேசி அனுப்பினாள். யாரோ மொழிபெயர்த்தார்கள். அவள் சொன்னது இவ்வளவுதான்: "எங்கடை கடலையும் பிறத்தியார் வந்து வாரிக்கொண்டு போறாங்கள். வலையை அறுத்துப்போட்டுப் போறாங்கள். உங்கடை கோவம் எனக்குத் தெரியும். ஆனா உங்கடை மீனை என்ரை தம்பி எடுக்கேல்லை. எஞ்சினுக்கு எண்ணெய் விடுற வேலைதான் அவனுக்கு. கோவத்தை அவனிலை காட்டாதேங்கோ."

அதுதான் வேலை செய்தது என்று ஊரில் சிலர் சொல்வார்கள். காப்புறுதிக்காரன் கடைசியில் இறங்கி வந்ததுதான் காரணம் என்று எம்பி சொல்வார். இரண்டும் சேர்ந்ததாக இருக்கலாம். பங்குனி வெய்யில் ஏறிய நேரம் கப்பல் விடப்பட்டது. ஒருவர்கூடச் சாகவில்லை.

மயூரதன் ஏலம் நடக்கும் நேரத்தில் துறைக்கு வந்தான். கன்னம் ஒட்டி, தாடியோடு, வினோஜாவின் கையைப் பிடித்துக்கொண்டு. பராசக்தி பெட்டியிலிருந்து இறங்கி, அவன் தலையிலும் முதுகிலும் கையால் அறைந்து அறைந்து பார்த்தாள். "சாப்பிட்டியோடா?" என்றாள். அந்தக் கேள்விக்கு இன்றைக்குத்தான் பதில் வந்தது. "ஓமக்கா, வினோஜா புட்டு அவிச்சவள்."

சனம் சூழ்ந்துகொண்டது. "உந்தக் கடற்கொள்ளைக்காரர் முடிஞ்சுபோனாங்கள் எண்டெல்லோ சொன்னவை?" என்று ஜஸ்ரின் கேட்டான்.

"முடியேல்லையடா. காவல் நிண்ட நேவிக் கப்பலெல்லாம் செங்கடல் பக்கம் போக, இவங்கள் திரும்ப வெளிக்கிட்டிட்டாங்கள். காவல் நிண்டா ஒளிப்பாங்கள், விலகினா வருவாங்கள். கடல்ல மீன் இல்லை, கரையில வேலை இல்லை, கண்ணுக்கு முன்னால நிறைஞ்ச கப்பல் போகுது. காசு போட்டு நடத்திறவன் வேற ஆள், அவன் கடலுக்கே வாறேல்லை. எனக்குக் காவல் நிண்டவன் ஒருநாள் கிழிஞ்ச வலை பொத்தினவன். கால் பெருவிரல்ல மாட்டி இழுத்து, அப்பிடியே எங்கடை நடராசா அத்தான்! எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. அவனும் துவக்கை மடியில வச்சுக்கொண்டு சிரிச்சான்." கடலைக் கையால் காட்டினான். "அவங்கடை கரையிலயும் நியாயம் கேக்கிறதுக்கு ஆரும் இல்லாட்டி, இது நிக்காது."

அப்போதுதான் கூட்டத்துக்குப் பின்னால் வெள்ளை வேட்டி தெரிந்தது. கிருபைரட்ணம் ஓட்டோவில் வந்து இறங்கி, யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் பின்னால் நின்றார். பத்திரிகைக்காரர் இல்லை. படமெடுக்க ஆள் இல்லை.

"சேர், முன்னுக்கு வாங்கோ!" பராசக்தியின் குரல் பாலத்தைத் தொட்டது.

கூட்டம் வழிவிட்டது. மாலை எங்கே என்று கந்தப்பு திருதிருவென்று விழித்தார். பராசக்தி அன்றைய படகில் வந்த பெரிய அறுக்குளாவைக் காட்டினாள். நடராசாவின் வலையில் விழுந்தது, ஏலத்துக்குப் போடாமல் வைத்திருந்தாள்.

"தூக்குங்கோ சேர். உங்கடை."

எம்பி வேட்டியைப் பார்த்தார், மீனைப் பார்த்தார். குனிந்து இரண்டு கையாலும் அதை நெஞ்சோடு அணைத்துத் தூக்கினார். செதிலும் ஐஸ் தண்ணியும் வெள்ளைச் சேட்டில் வழிந்தன. துறை கை தட்டிய சத்தத்தில் பாலத்தடி ஓட்டோக்காரர்கள் என்ன விலை போனதென்று ஓடிவந்தார்கள்.

மனிதர் மீனோடு போயிருந்தால் கணக்குச் சரி. ஆனால் சந்தோசம் வாயைத் திறக்க வைத்தது. "அக்கா, கப்பலுக்கு ஆள் அனுப்புற முகவர், முதலாளி ஆரெண்டு குடும்பத்துக்குச் சொல்லியே ஆகவேணும் எண்டு ஒரு சட்டம் நான் கொண்டு வாறன்!"

"எல்லாரும் கேட்டனீங்களே?" என்று பராசக்தி சுற்றிப் பார்த்தாள்.

"கேட்டம்!" என்றது துறை.

மயூரதன் திரும்பவும் கடலுக்குப் போயிருக்கிறான். வேறு கப்பல். போகும் நாளில் அவள் பெட்டியின்மேல் நின்றபடி, "முதலாளி ஆர்?" என்று கேட்க, பையைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் முதலாளியின் பெயரையும் ஊரையும் உரத்துச் சொன்னான். கடலுக்குப் போகும் ஒவ்வொருவரும் இப்போது அங்கே அப்படிச் சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். தேர்தலுக்கு வருகிற புது ஆட்கள், கழுத்தில் கிடக்கும் மாலையைப் பாலத்தடியில் கழற்றி வாகனத்துக்குள் வைத்துவிட்டு நடந்து வருகிறார்கள். 'இது செய்வேன்' என்று தொடங்கிவிட்டு, பெட்டியின்மேல் நிற்பவளைக் கண்டதும், 'இது செய்யப் பார்க்கிறேன், இது என்னால் ஏலாது' என்று திருத்திச் சொல்கிறார்கள். சனமும் இருந்து கேட்கிறது.

அந்தச் சட்டம் இன்னும் வரவில்லை. கிருபைரட்ணம் மாதத்தில் ஒரு காலை துறைக்கு வருகிறார். எதுவரை போயிருக்கிறது, எங்கே சிக்கியிருக்கிறது என்று பராசக்தியிடம் சொல்கிறார். சொல்லிவிட்டு, யாரும் இடம் காட்டாமலே, எல்லோருக்கும் பின்னால் போய் நிற்கிறார்.